கணித மேதை இராமானுஜன்



வீட்டுப்பாடங்களுள் நம்மில் பலருக்கு அச்சம் தருவது கணக்கேயாகும். மற்றப் பாடங்களை எல்லாம் முடித்துவிட்டுக் கணக்குப் புத்தகத்தை மட்டும் உறக்கம் கண்களைத் தழுவும் வேளையில் திறப்போர் நம்மிடையே உளர். விடை தெரிந்தும் வழியை எழுதாமல் விட்டு மதிப்பெண் இழப்போரும் உளர். விடை சரியாக இருக்கும்போது வழி எதற்கு என்று ஆசிரியரிடம் வாதிடுவோரையும் நாம் ஆண்டுதோறும் காண்கிறோம். இத்தகைய நமக்கெல்லாம், கணக்கையே உயிர்மூச்சாகக் கொண்டு, 32 ஆண்டுகளே இவ்வுலகில் வாழ்ந்து, அழியாப் புகழெய்திய தமிழர் ஒருவரின் வரலாறு பெரிதும் பயன்படும். அவர்தாம் கணித மேதை சீனிவாச இராமானுஜன்.

பிறப்பும் இளமையும்

இராமானுஜன் 1887ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 22ஆம் நாள், ஈரோட்டில் தம் பாட்டியார் இல்லத்தில் பிறந்தார். தந்தையார் சீனிவாச ஐயங்கார், கும்பகோணத்தில் ஒரு புடவைக் கடையில் கணக்கெழுதி வந்தவர். தாயார் கோமளத்தம்மாள், கோவிலில் பக்திப் பாடல்கள் பாடி வந்தவர். வருவாய் மிகவும் குறைவு. எனவே, கல்லூரியில் படித்த வெளியூர் மாணவர் சிலரைத் தம் வீட்டில் தங்கவைத்து உணவளித்து, அதனால் வந்த சிறு தொகையையும் கொண்டு அக்குடும்பம் காலம் கழித்தது. கும்பகோணம் சாரங்கபாணி சன்னிதித் தெருவிலுள்ள அவ்வோட்டு வீடு இன்று நினைவு இல்லமாகப் போற்றப்படுகிறது.

1897ஆம் ஆண்டில் நடந்த தொடக்கப்பள்ளித் தேர்வில் இராமானுஜன் மாவட்டத்திலேயே முதல் மாணவராகத் தேறினார். மறு ஆண்டு நகர உயர்நிலைப் பள்ளியில் சேர்ந்தார். அப்பள்ளியில்தான் அவருடைய திறமை எல்லாருக்கும் புலனாகத் தொடங்கியது. வீட்டில் தங்கியிருந்த கல்லூரி மாணவர்களிடம் அவர் ஓயாது கணக்குக் கேட்பார். சிறிது காலத்தில் அவர்களுக்குத் தெரிந்தவை எல்லாம் தீர்ந்துவிட்டன. பிறகு கல்லூரி மாணவர் படிக்கும் கோண அளவியல் நூலொன்றை இரவல் பெற்று, 13 வயதிலேயே அதனை முழுவதும் கற்றுத் தேர்ந்தார்.

அப்பள்ளியில் ஏறத்தாழ 1,200 மாணவர்களும் 35 ஆசிரியர்களும் இருந்தனர். எந்த வகுப்புக்கு எந்த நேரத்தில் எந்த ஆசிரியர் என்று கால அட்டவணை வகுப்பது எளிய செயலன்று. ஓர் ஆசிரியர் ஒரே நேரத்தில் இரண்டு வகுப்புகளில் இருக்க இயலாதல்லவா? அச்சிக்கலான வேலையை மூத்த ஆசிரியர் ஒருவர் சிறுவன் இராமானுஜனிடமே ஒப்படைத்தார். அவரும் அதனைச் செவ்வனே செய்து முடித்தார்.

பூச்சியத்தைப் பற்றிய ஐயம்

இராமானுஜனின் பள்ளிப் பருவத்தைப் பற்றி ஒரு நிகழ்ச்சி வழிவழியாகச் சொல்லப்பட்டு வருகிறது. வகுத்தல் பாடம் நடந்துகொண்டிருந்தது. மூன்று பழங்களை மூவருக்குப் பகிர்ந்தால் ஆளுக்கு ஒன்று. ஆயிரம் பழங்களை ஆயிரவருக்குப் பகிர்ந்தாலும் ஆளுக்கு ஒன்று. எனவே எந்த எண்ணையும் அதே எண்ணால் வகுத்தால் ஒன்று கிடைக்கும் என்று ஆசிரியர் விளக்கினார். உடனே இராமானுஜன் எழுந்து, பழமே இல்லாதபோது, பகிர்ந்துகொள்ள ஆளும் இல்லாதபோது, ஆளுக்கு ஒன்று கிடைக்குமா என்று வினவினாராம்.

இவ்வினாவை நாமும் சற்று ஆராய்வோம். 6ஐ 3ஆல் வகுத்தால் 2 வருகிறது. ஏன்? 2ஐ 3ஆல் பெருக்கினால் 6 வருகிறது. வகுத்தலைப் பெருக்கிச் சரிபார்க்க வேண்டும் என்று நாம் கற்றிருக்கிறோம். இப்பொழுது 5ஐப் பூச்சியத்தால் வகுத்துப் பார்ப்போம். எந்த எண்ணைப் பூச்சியத்தால் பெருக்கினால் 5 வரும்? அப்படி ஓர் எண்ணே இல்லை. ஆகவே விடையும் இல்லை. பூச்சியத்தையே பூச்சியத்தால் வகுத்தால் நிலைமை வேறு. 1ஐப் பூச்சியத்தால் பெருக்கினாலும் பூச்சியமே. 7ஐப் பெருக்கினாலும் பூச்சியமே. 100ஐப் பெருக்கினாலும் பூச்சியமே. எல்லா எண்களும் பொருந்துவதால் இதுதான் விடை என்று ஒன்றைக் குறிப்பிட்டுக் கூற இயலாது. இதனாலேயே பூச்சியத்தால் வகுத்தல் கூடாது என்பது கணிதத்தில் விதியாயிற்று. ஆசிரியர் கூறிய விதியை ஏற்றுக்கொள்வது நன்று. அவ்விதி எங்கே பொருந்தும், எங்கே பொருந்தாது என்று எண்ணிப் பார்ப்பது அதனினும் நன்று.

கற்பலகையும் முழங்கையும்

இராமானுஜனுக்கு 15 வயது நிரம்பியிருந்தபோது ஒரு நூல் அவர் கைக்குக் கிட்டியது. கார் என்னும் ஆங்கில ஆசிரியர், தேர்வுக்குப் படிக்கும் மாணவர்களுக்காகத் தொகுத்த நூல் அது. அதில் ஏறத்தாழ 5,000 கணித உண்மைகள் வரிசையாக அடுக்கப்பட்டிருந்தன. ஆனால் அவற்றுக்குரிய விளக்கங்களோ மிகமிகக் குறைவு. வேறொருவராயின் அந்நூலை மூடி வைத்திருப்பர். இராமானுஜனோ ஒவ்வோர் உண்மையையும் தமக்கு இடப்பட்ட வீட்டுப்பாடமாகவே எண்ணித் தாமே செய்து பார்த்தார். ஒன்றைச் செய்யும்போதே புதியது ஒன்று புலப்படும். அதனையும் விடாது தொடர்வார்.

அக்காலத்தில் தாளின் விலை அவருக்கு எட்டாததாக இருந்தது. ஆகையால் கணக்குகளைக் கற்பலகையில் போட்டார். பலகை நிறைந்ததும் முழங்கையால் துடைப்பார், மீண்டும் எழுதுவார். இறுதியில் கிடைத்த விடையை மட்டும் குறிப்பேட்டில் பதிந்துகொள்வார். இவ்வாறு துடைத்துத் துடைத்து அவர் முழங்கை கறுத்துப் போயிற்றாம். நாம் இங்கே ஒன்றைக் கருத்தில் கொள்ள வேண்டும். இராமானுஜன் வழி தெரியாமல் விடையை மட்டும் எழுதியவர் அல்லர். வழி முழுவதும் பலகையில் இருந்தது. வறுமையே அதனைத் துடைத்தழித்தது. பக்கம் பக்கமாகத் தாள் வைத்திருக்கும் நாம், வழியை எழுதச் சோம்புவது முறையாகுமா?

தோல்வியும் துயரமும்

1904ஆம் ஆண்டில் உயர்நிலைப் பள்ளியை விட்டு வெளியேறியபோது கணிதத்திற்கான ரங்கநாதராவ் பரிசு இராமானுஜனுக்கு வழங்கப்பட்டது. கும்பகோணம் அரசினர் கல்லூரியில் உதவித்தொகையுடன் இடமும் கிடைத்தது. ஆனால் கணிதத்தின் மீது கொண்ட பெருங்காதல் அவரை மற்றப் பாடங்களைக் கைவிடச் செய்தது. ஆங்கிலத்தில் அவர் தேறவில்லை. உதவித்தொகை நிறுத்தப்பட்டது. கட்டணம் செலுத்த வீட்டில் வசதியில்லை. அவமானம் தாளாமல் 1905ஆம் ஆண்டில் வீட்டாரிடம் கூறாது விசாகப்பட்டினத்துக்குச் சென்றுவிட்டார். பெற்றோர் எவ்வளவு கலங்கியிருப்பர் என்பதை நாம் எண்ணிப் பார்க்கலாம்.

திரும்பி வந்தபின், 1906ஆம் ஆண்டில் சென்னைப் பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்து மீண்டும் முயன்றார். உடலியல் முதலிய பாடங்களில் மனம் ஒன்றவில்லை. இருமுறை தேர்வு எழுதியும் இருமுறையும் தோற்றார். பட்டம் பெறும் வழி அடைபட்டுப்போயிற்று. பிள்ளைகளுக்குத் தனிப்பாடம் சொல்லிக் கொடுத்துப் பொருள் ஈட்ட முயன்றார். அதுவும் நிலைக்கவில்லை. தேர்வுக்குரிய கணக்கை விட்டுவிட்டு முடிவிலியைப் பற்றி விளக்கத் தொடங்கிவிடுவார்! கணிதத்தில் நிகரற்றவராயினும் பிற பாடங்களைப் புறக்கணித்ததால் அவர் அடைந்த இன்னல்கள் ஏராளம். ஒரு பாடத்தை விரும்புவது தவறன்று. மற்றவற்றை வெறுப்பதே இடர் விளைவிப்பது.

குறிப்பேடுகளே துணை

1909ஆம் ஆண்டில் இராமானுஜன் ஜானகி அம்மாளை மணந்தார். குடும்பப் பொறுப்பு வந்தது; வேலையோ இல்லை. பட்டம் இல்லாத அவரிடம் தம் தகுதியைக் காட்ட இருந்தவை குறிப்பேடுகள் மட்டுமே. அவற்றை எடுத்துக்கொண்டு பெரியோர் பலரை நாடிச் சென்றார். இந்தியக் கணிதக் கழகத்தைத் தோற்றுவித்த இராமசாமி ஐயர் அக்குறிப்பேடுகளைக் கண்டு வியந்தார். நெல்லூர் மாவட்ட ஆட்சித் தலைவராக இருந்த இராமச்சந்திர ராவ் அவருக்கு மாதந்தோறும் 25 ரூபாய் அளித்து ஆதரித்தார். 1911ஆம் ஆண்டில் இராமானுஜனின் முதல் ஆய்வுக் கட்டுரை கணிதக் கழகத்தின் இதழில் வெளிவந்தது.

உழைக்காமல் பிறர் பொருளைப் பெற இராமானுஜனின் உள்ளம் இசையவில்லை. 1912ஆம் ஆண்டு மார்ச்சு முதல் நாள் சென்னைத் துறைமுகக் கழகத்தில் மாதம் 30 ரூபாய் ஊதியத்தில் எழுத்தராகச் சேர்ந்தார். அங்கே மேலதிகாரியாக இருந்த நாராயண ஐயரும் கணிதம் வல்லவர். இரவு வேளையில் இருவரும் ஆளுக்கொரு பலகையுடன் அமர்ந்து கணக்குப் போடுவர். இராமானுஜன் இரண்டு மூன்று படிகளை ஒரே தாவலில் கடந்துவிடுவார். நாராயண ஐயரோ இடையிலுள்ள படிகளையும் எழுதுமாறு வற்புறுத்துவார். தமக்கே விளங்காதது பிறருக்கு எவ்வாறு விளங்கும் என்பது அவர் கருத்து. நம் ஆசிரியர்கள் இன்று நம்மிடம் கூறுவதும் இதுவேயன்றோ?

கடல் கடந்த கடிதம்

1913ஆம் ஆண்டு சனவரி 16ஆம் நாள், இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஹார்டி என்னும் கணிதப் பேரறிஞருக்கு இராமானுஜன் ஒரு கடிதம் எழுதினார். அதனுடன் தாம் கண்ட கணித உண்மைகள் நூற்றுக்கும் மேற்பட்டவற்றை எழுதி இணைத்தார். அதற்குமுன் அவர் எழுதிய வேறு இரு பேராசிரியர்கள் உதவ முன்வரவில்லை. ஹார்டியும் அவருடைய நண்பர் லிட்டில்வுட்டும் அத்தாள்களை வரிவரியாக ஆராய்ந்தனர். எழுதியவர் ஒரு மாமேதை என்று முடிவு செய்தனர்.

எனினும், ஹார்டி உடனே கேட்டது என்ன தெரியுமா? வழியைத்தான் கேட்டார்! ஒவ்வோர் உண்மைக்கும் உரிய நிறுவலை அனுப்புமாறு எழுதினார். அவ்வாறு கேட்டதில் நியாயம் இருந்தது. இராமானுஜன் எழுதியவற்றுள் மிகப் பல உண்மையாயினும், பகா எண்களைப் பற்றி அவர் கூறியவற்றுள் சில பிழையானவை. மேதையின் உள்ளுணர்வும் சில வேளைகளில் தவறும். படிப்படியாக எழுதிப் பார்த்தால்தான் பிழை வெளிப்படும் என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை.

ஹார்டியின் ஆதரவு கிடைத்ததும் சென்னைப் பல்கலைக்கழகம் மாதம் 75 ரூபாய் உதவித்தொகை வழங்கியது. கடல் கடத்தல் ஆகாது என்று கருதிய குடும்பத்தில் பிறந்தவராதலின், இங்கிலாந்து செல்ல அவர் முதலில் தயங்கினார். பின்னர்த் தாயாரின் இசைவைப் பெற்று, 1914ஆம் ஆண்டு மார்ச்சு 17ஆம் நாள் சென்னையிலிருந்து கப்பலேறினார்.

கேம்பிரிட்ஜ் வாழ்க்கை

கேம்பிரிட்ஜில் ஹார்டியும் இராமானுஜனும் இணைந்து உழைத்தனர். இராமானுஜன் புதியவற்றைக் கண்டு கூறுவார். ஹார்டி அவற்றுக்கு முறையான நிறுவல் அமைக்கத் துணை நிற்பார். அவர்கள் ஆராய்ந்த கணக்குகளுள் ஒன்றை நாமும் எளிதில் விளங்கிக்கொள்ளலாம். 4 என்னும் எண்ணை எத்தனை விதமாகக் கூட்டி எழுதலாம்? 4, 3+1, 2+2, 2+1+1, 1+1+1+1 என ஐந்து விதங்கள் உள்ளன. 5ஐ ஏழு விதமாகவும், 10ஐ 42 விதமாகவும் எழுதலாம். 100ஐ எழுதப் புகுந்தாலோ 190,569,292 விதங்கள் வரும்! ஒவ்வொன்றாக எழுதிப் பார்க்க ஒருவர் ஆயுள் போதாது. இதனை நேராகக் கணக்கிடும் அரிய சூத்திரம் ஒன்றை இருவரும் 1918ஆம் ஆண்டில் வெளியிட்டனர். 4, 9, 14, 19 என 4இலோ 9இலோ முடியும் எண்களுக்கு இவ்விதங்களின் தொகை எப்பொழுதும் 5ஆல் மீதியின்றி வகுபடும் என்பதையும் இராமானுஜன் கண்டறிந்தார். 9க்கு 30, 14க்கு 135, 19க்கு 490. வகுத்துப் பாருங்கள்!

இன்னொரு நிகழ்ச்சியும் சுவையானது. 1914ஆம் ஆண்டின் இறுதியில் மகலனோபிஸ் என்னும் வங்காள நண்பர் இராமானுஜனின் அறைக்கு வந்திருந்தார். இராமானுஜன் அடுப்பில் காய்கறியைக் கிளறிக்கொண்டிருந்தார். நண்பர் ஓர் இதழில் வந்த புதிர்க்கணக்கைப் படித்தார். ஒரு தெருவில் வீடுகள் 1, 2, 3 என வரிசையாக எண்ணிடப்பட்டுள்ளன. ஒருவருடைய வீட்டுக்கு இடப்புறமுள்ள எண்களின் கூட்டுத்தொகையும் வலப்புறமுள்ள எண்களின் கூட்டுத்தொகையும் சமம். வீடுகள் ஐம்பதுக்கு மேலும் ஐந்நூறுக்குள்ளும் உள்ளன எனின், அவர் வீட்டு எண் யாது?

சிறிய தெருவில் முதலில் முயன்று பார்ப்போம். எட்டு வீடுகள் உள்ள தெருவில் 6ஆம் வீட்டைக் கொள்வோம். இடப்புறம் 1+2+3+4+5=15. வலப்புறம் 7+8=15. சமமாயிற்று! இதழில் கேட்கப்பட்ட தெருவில் 288 வீடுகள். வீட்டு எண் 204. நண்பர் இவ்விடையைச் சிறிது நேரம் முயன்று கண்டிருந்தார். இராமானுஜனோ கையில் கரண்டியுடன் நின்றவாறே, அந்த ஒரு தெருவுக்கு மட்டுமன்றி, இத்தகைய எல்லாத் தெருக்களுக்கும் விடை தரும் பொதுவழியையே கூறிவிட்டார். ஒரு கணக்கைக் கண்டால் அதனோடு உறவுடைய கணக்குகள் அனைத்தையும் காண்பதே அவர் இயல்பு.

புகழும் பிணியும்

1916ஆம் ஆண்டில் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் அவருடைய ஆராய்ச்சிக்காகப் பட்டம் வழங்கியது. தாயகத்தில் எட்டாத பட்டம் அயலகத்தில் கிட்டியது. 1918ஆம் ஆண்டில் இலண்டன் அரச கழகம் அவரை உறுப்பினராகத் தேர்ந்தெடுத்துப் பெருமைப்படுத்தியது. அதே ஆண்டில் கேம்பிரிட்ஜ் டிரினிட்டிக் கல்லூரியின் ஆய்வுறுப்பினராகவும் ஆனார்.

ஆயினும் உடல்நலம் குன்றியது. அவர் புலால் உண்ணாதவர். தம் உணவைத் தாமே சமைத்துக்கொண்டவர். முதல் உலகப் போர் நடந்த காலமாதலின் ஏற்ற உணவு கிடைப்பது அரிதாயிற்று. குளிரும் தனிமையும் வாட்டின. 1917ஆம் ஆண்டு முதல் மருத்துவமனைகளிலேயே பெரும்பகுதியைக் கழித்தார். காசநோய் என்று அக்கால மருத்துவர் கருதினர். பிற்காலத்தில் ஆராய்ந்தோர் சிலர், அது கல்லீரலைத் தாக்கும் வேறு நோயாக இருக்கலாம் என்கின்றனர்.

நோய்ப்படுக்கையிலும் எண்கள் அவரை விட்டு அகலவில்லை. ஒருநாள் அவரைக் காண வாடகை வண்டியில் வந்த ஹார்டி, வண்டியின் எண் 1729 என்றும், அது சிறப்பற்ற எண் போலத் தோன்றுகிறது என்றும் கூறினார். இராமானுஜன் உடனே அதனை மறுத்தார். இரண்டு கனங்களின் கூட்டுத்தொகையாக இருவேறு விதங்களில் எழுதத்தக்க எண்களுள் மிகச் சிறியது அதுவே என்றார். 12ஐ மும்முறை பெருக்கினால் 1728. 1ஐ மும்முறை பெருக்கினால் 1. இரண்டும் சேர்ந்து 1729. 10ஐ மும்முறை பெருக்கினால் 1000. 9ஐ மும்முறை பெருக்கினால் 729. இரண்டும் சேர்ந்தாலும் 1729!

1919ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் இராமானுஜன் தாயகம் திரும்பினார். படுத்த படுக்கையிலும் கணக்குப் போடுவதை நிறுத்தவில்லை. 1920ஆம் ஆண்டு ஏப்பிரல் 26ஆம் நாள் சென்னைச் சேத்துப்பட்டில் அவ்வொளி அணைந்தது. அப்பொழுது அவருக்கு வயது 32.

அவர் விட்டுச் சென்ற வீட்டுப்பாடம்

இராமானுஜன் எழுதிய தாள்களை ஜானகி அம்மாள் திரட்டிப் பாதுகாத்தார். அவை பின்னர் இங்கிலாந்துக்கு அனுப்பப்பட்டன. அவருடைய இறுதிக்காலக் கணக்குகள் அடங்கிய நூற்றுக்கும் மேற்பட்ட பக்கங்களை, 1976ஆம் ஆண்டில் ஆண்ட்ரூஸ் என்னும் அமெரிக்கப் பேராசிரியர் டிரினிட்டிக் கல்லூரி நூலகத்தில் கண்டெடுத்தார். குறிப்பேடுகளில் விடை மட்டும் எழுதப்பட்டிருந்த மூவாயிரத்துக்கும் மேற்பட்ட உண்மைகளுக்கு, பெர்ண்ட் என்னும் மற்றோர் அமெரிக்கப் பேராசிரியர் வழி தேடித் தொகுத்து, 1985 முதல் 1998 வரை ஐந்து பெரும் நூல்களாக வெளியிட்டார். வழி துடைக்கப்பட்ட கணக்குகளுக்கு மீண்டும் வழி காண அறிஞர்கள் எத்தனை ஆண்டுகள் உழைக்க நேர்ந்தது, பார்த்தீர்களா! இராமானுஜன் உலகிற்கே வீட்டுப்பாடம் கொடுத்துச் சென்றார் எனலாம். அவர் பிறந்த டிசம்பர் 22ஆம் நாள், 2012ஆம் ஆண்டு முதல் இந்தியாவில் தேசியக் கணித நாளாகக் கொண்டாடப்பட்டு வருகிறது.

மாணவச் செல்வங்களே! நாம் அனைவரும் இராமானுஜன் ஆகிவிட இயலாது. ஆனால் அவரைப்போல் ஒரு கணக்கை அன்போடு அணுக நம் எல்லாராலும் இயலும். பெரிய கணக்கு மிரட்டினால் சிறிய கணக்காக்கி முயல்வோம். விடை வந்ததும் சரிபார்ப்போம். அவர் பலகையில் துடைத்த வழியை நாம் தாளில் தெளிவாக எழுதுவோம். மற்றப் பாடங்களையும் மறவாது பயில்வோம்.

நிறைவாக உங்களுக்கு ஒரு வீட்டுப்பாடம். 49 வீடுகள் உள்ள தெரு ஒன்றில் 35ஆம் வீட்டில் ஒருவர் குடியிருக்கிறார். அவர் வீட்டின் இருபுறமும் உள்ள எண்களின் கூட்டுத்தொகை சமமா? வழியுடன் செய்து பார்த்து உங்கள் ஆசிரியரிடம் காட்டுங்கள். எண்களோடு நட்புக் கொள்வோம், ஏற்றம் பெறுவோம்!